காவலும் திறப்பும்

பொருளைப் படைப்போர்க்குள்ள புகழ், அப்பொருளைக் காக்கும் உறையைப் படைப்போர்க்கு இல்லை. பொன்னணியைப் புகழ்வோர் அதனை வைத்த பேழையைப் புகழ்வதில்லை. அரிசியை விரும்புவோர் உமியை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், உமியின் காவல் இல்லையேல் கதிரிற் பிடித்த பால் அரிசி மணியாய் முற்றுதல் அரிது. உறையின் அருமை, அது தவறிய இடத்திலேதான் பெரிதும் புலனாகும். அவ்வாறு தவறுதல் சிறிதும் கூடாத இடம் ஒன்று உண்டு. அதுவே மருத்துவமனையின் அறுவைக்கூடம். கத்தி, ஊசி, தையல் நூல், பஞ்சு, செயற்கை மூட்டு முதலிய பொருள்கள் உறைகளிற் பொதியப்பெற்றே அங்கு வந்து சேர்கின்றன. அவ்வுறைகளின் அமைப்பு ஆராய்ந்து அறியத்தக்கது.

செய்யுளின் சுவையை ஆய்ந்த பெரியோர் அதனை மூவகைப் பாகமாகப் பகுத்துரைப்பர். வாயில் இட்ட அளவிலே சுவை தருவது திராட்சைப் பாகம். தோலை நீக்கிய அளவிலே சுவை தருவது கதலிப் பாகம். மட்டையை உரித்து ஓட்டை உடைத்தபின்னரே சுவை தருவது நாளிகேர பாகம். செய்யுளுக்குக் கூறிய இப்பாகுபாட்டை உறையின் நோக்கில் வைத்து ஆராய்ந்தால் ஓர் உண்மை விளங்கும். திராட்சையின் தோல் மிக மெல்லியது. அது பழத்தோடு உடன் உண்ணப்படுவதால், தோலிற் படிந்த அழுக்கும் உடன் செல்லும். தேங்காயின் காவல் மிக வலியது. ஆனால், அதனை உரிப்பதற்குக் கடப்பாரையும் உடைப்பதற்கு அரிவாளும் வேண்டும். உடைக்கும்பொழுது நாரும் தூளும் பருப்பின்மீது சிதறும். வாழைக்கனியோ இவ்விரு குறையும் இல்லாதது. காம்பைப் பற்றித் தோலைக் கீழ்நோக்கி இழுத்த அளவில் அது மடல் மடலாக விரிகிறது. கை தோலை மட்டுமே தீண்டுகிறது. கனியை முதற்கண் தீண்டுவது உண்பவர் வாயே. தேங்காயின் காவலும் வாழையின் திறப்பும் ஒருங்கே அமைந்த உறை ஒன்றை ஆக்குதல் இயலுமா? அறுவைக்கூடத்தின்பொருட்டு அறிவியலார் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடிய விடை இவ்வினாவுக்கு உரியதே ஆகும்.

மனித உடலுக்கும் இயற்கை ஓர் உறையை அளித்துள்ளது. அதுவே தோல். காற்றிலும் நீரிலும் மண்ணிலும் எண்ணிறந்த கிருமிகள் இருந்தும், தோல் சிதையாதிருக்கும் வரையில் அவற்றுட் பெரும்பாலானவை உள்ளே புகமாட்டா. அறுவை மருத்துவர், நோயைப் போக்கும்பொருட்டு அவ்வுறையைத் தம் கையாலேயே திறக்கிறார். அந்நேரத்தில் உடல், வாயில் திறந்த கோட்டையை ஒக்கும். அறுவைப் புண்ணைத் தீண்டும் கத்தியின் முனையில், கண்ணுக்குப் புலனாகாத கிருமிகள் ஒட்டியிருப்பினும், அவை உள்ளே சென்று பல்கிப் பெருகும். புண் சீழ்பிடிக்கும், காய்ச்சல் மிகும், சிற்சில வேளைகளில் உயிரும் நீங்கும். குறைந்த வருவாயும் இடைநிலை வருவாயும் உடைய நாடுகளில், அறுவை செய்துகொள்வோருள் நூற்றுக்குப் பதினொருவர் அவ்வறுவையை ஒட்டியே கிருமித்தொற்றுக்கு ஆளாகின்றனர் என்று உலக நல நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் அறிவித்தது.

கிருமியே புண்ணைக் கெடுப்பது என்னும் உண்மை எளிதில் உலகுக்கு விளங்கிவிடவில்லை. 1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் பணிபுரிந்து வந்தார். ஆங்குப் பேறுகாலப் பகுதியில் தாய்மார் பலர் காய்ச்சலுற்று மடிந்தனர். அவ்வாண்டு ஏப்பிரல் திங்களில் நூற்றுக்குப் பதினெண்மர் வரை இறந்தனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த மருத்துவர், அக்கையோடு தாய்மாரைத் தொடுவதே கேட்டிற்குக் காரணம் என்று செம்மல்வைஸ் கண்டார்; குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் அனைவரும் கைகழுவுதல் வேண்டும் என்று விதித்தார். ஜூன் திங்களில் இறப்பு நூற்றுக்கு இரண்டு என்னும் அளவுக்குக் குறைந்தது. எனினும், அக்கால மருத்துவருட் பலர் அவர் உரையை ஏற்றிலர். பின்னர், 1865-இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்பார், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து புண்ணுற்ற பதினோரு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த கட்டினை இட்டுப் பண்டுவம் செய்தார். ஆறு வாரத்தில் எலும்பு சீழின்றிக் கூடியது. 1867-இல் லிஸ்டர் தம் ஆராய்ச்சியை வெளியிட்ட பின்னரே, மருத்துவ உலகம் மெல்ல மெல்ல விழித்தெழுந்தது.

லிஸ்டருக்கு வழிகாட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்டர் ஆவார். அவர் செய்த சோதனை ஒன்று, உறை என்னும் பொருளுக்கே இலக்கணம் வகுத்தது எனலாம். பாஸ்டர் ஒரு கண்ணாடிக் குடுவையில் எளிதிற் கெடும் நீர்மத்தை ஊற்றி, அதன் கழுத்தை அன்னத்தின் கழுத்துப்போல் நீட்டி வளைத்தார். பின்பு நீர்மத்தைக் கொதிக்கவைத்து ஆறவிட்டார். குடுவையின் வாய் திறந்தே இருந்தது. காற்று உள்ளே சென்று வந்தது. ஆயினும், நீர்மம் நெடுநாள் கெடவில்லை. காற்றிற் கலந்துள்ள தூசும் அதனோடு ஒட்டிய கிருமியும் வளைந்த கழுத்திலேயே படிந்து நின்றுவிட்டன. குடுவையைச் சாய்த்து, கழுத்தில் தேங்கிய தூசினை நீர்மம் தீண்டுமாறு செய்த அளவில், அது விரைவிற் கெட்டது. இவ்வாராய்ச்சிக்காகப் பிரெஞ்சு அறிவியற் கழகம் 1862-இல் அவருக்குப் பரிசு வழங்கியது. கிருமியைத் தடுப்பதற்குக் காற்றையே தடுக்கவேண்டுவதில்லை. வழியை வளைத்துவிட்டால் போதும் என்பது இதனாற் பெறப்பட்ட பாடம். பிற்காலத்து உறை ஒன்றில் இப்பாடம் மீண்டும் பயன்படுவதைக் காணலாம்.

லிஸ்டரின் முறை, கிருமியை அமிலத்தால் கொல்வது. அதனினும் சிறந்தது, கிருமியை அறுவைக்கூடத்துக்கு வரவிடாமலே தடுப்பது. இதற்கு நீராவி பெருந்துணை புரிந்தது. 1879-இல் பாஸ்டரின் மாணவர் சாம்பர்லான் என்பார், நீராவியை அழுத்தத்தில் அடைத்துச் சூடேற்றும் கலம் ஒன்றை அமைத்தார். உலர்ந்த சூட்டினும் ஈரமான நீராவி கிருமியை விரைவிற் கொல்லும் என்பதனை 1881-இல் செருமானிய அறிஞர் காக்கும் அவர்தம் துணைவரும் நிறுவினர். திறந்த கலத்தில் நீர் 100 பாகை வெப்பத்திற் கொதித்து நின்றுவிடும். அழுத்தம் மிகுந்த கலத்திலோ நீராவியின் வெப்பம் 121 பாகை, 134 பாகை என உயரும். 121 பாகையில் 15 நிமிடமும், 134 பாகையில் 3 நிமிடமும் நீராவி கருவியைச் சூழ நிற்குமாயின், எளிதில் அழியாத கிருமி வித்துக்களும் அழிந்துபடும்.

இங்கேதான் உறை பற்றிய சிக்கல் தொடங்கியது. கலத்திலிருந்து எடுத்த கருவி அந்நொடியில் தூயது. ஆனால், அது நோயாளியிடம் சென்று சேரும் வரையில் அத்தூய்மையைக் காப்பது யாது? பெர்லின் நகரத்து மருத்துவர் ஷிம்மல்புஷ் என்பாரின் பெயரால் வழங்கும் உலோக உருளைப் பேழை இதற்கு ஒரு விடையாயிற்று. அப்பேழையின் பக்கங்களில் துளைகள் இருக்கும். கலத்துள் வைக்கும்பொழுது துளைகள் திறந்திருக்க, நீராவி உட்புகும். வெளியில் எடுத்தவுடன் ஒரு பட்டையை நகர்த்தித் துளைகளை மூடிவிடுவர். பஞ்சும் கட்டுத்துணியும் இவ்வாறே நெடுங்காலம் காக்கப்பெற்றன.

இப்பேழை நல்லதாயினும் குற்றம் அற்றதன்று. பலருக்கு வேண்டிய பொருள்கள் ஒரே பேழையில் இருந்தமையால், ஒவ்வொரு நோயாளிக்கும் அதன் மூடி திறக்கப்பட்டது. முதல் நோயாளிக்குத் தூய பஞ்சு கிடைத்தது. இறுதி நோயாளிக்குக் கிடைத்த பஞ்சோ, பலமுறை வெளிக்காற்றையும் பலர் கையையும் கண்டது. துணிகளை அடர்த்தியாகத் திணித்தால் நடுவிலுள்ளவற்றை நீராவி சென்று சேர்வதும் இல்லை. பட்டையும் நாளடைவில் நெகிழ்ந்து, துளைகளைச் செவ்வையாக மூடுவதில்லை. இங்கிலாந்தில் ஆறு மருத்துவமனைகளின் கிருமிநீக்க முறைகளை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, இத்தகைய பழைய வழக்கங்களின் குறைகளை வெளிப்படுத்தியது. ஒரு நோயாளிக்கு ஒரு பொதி, ஒருமுறை திறந்தால் ஒருமுறையே பயன் என்னும் கொள்கை அதன்பின் வலுப்பெற்றது.

உறைகளுள் துணிப்பொதி மிகப் பழையது. அதனை மடிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சதுரத் துணியின் நடுவே கருவியை வைத்து நான்கு மூலைகளையும் முறையே மடிப்பர். ஒவ்வொரு மூலையின் நுனியையும் சிறிது வெளிநோக்கித் திருப்பிவிடுவர். திறக்கும் செவிலி அந்நுனியை மட்டும் பற்றுவார். முதல் மூலையைத் தம்மினின்று அப்பால் விரிப்பார். அடுத்துப் பக்க மூலைகளை விரிப்பார். இறுதியில் உள்ள மூலையைத் தம்மை நோக்கி இழுப்பார். இவ்வாறு செய்தால், திறந்துவிட்ட தூய பொருளின் மேலாகச் செவிலியின் கை ஒருபொழுதும் கடந்து செல்வதில்லை. மடிப்பவர் திறப்பவரை மனத்திற்கொண்டு மடித்தமையால் விளைந்த நன்மை இது. ஆயினும், துணி நனைந்தால் ஈரத்தின் வழியே கிருமி ஊர்ந்து உட்செல்லும். வெளுக்க வெளுக்க இழை நைந்துபோகும். நுண்ணிய பஞ்சுத்தூள் உதிரும். ஆதலின், வேறு பொருள்கள் தேடப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிளாஸ்டிக்கால் ஆன ஊசிக்குழல்களும் குழாய்களும் தொழிற்சாலைகளில் மிகுதியாகச் செய்யப்பெற்றன. அவற்றுட் பல நீராவியின் வெப்பத்தில் உருகிவிடும். எனவே, எத்திலீன் ஆக்சைடு என்னும் வளியாலும், காமாக் கதிர்களாலும் அவற்றின் கிருமியை நீக்கும் முறைகள் வழக்கிற்கு வந்தன. இந்தியாவில் 1974-ஆம் ஆண்டில், மும்பையை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் ஐசோமெட் என்னும் நிலையம் தொடங்கப்பெற்றது. கோபால்ட்டு-60 என்னும் தனிமத்தினின்று வெளிப்படும் காமாக் கதிர்கள், மூடிய உறையையும் பெட்டியையும் ஊடுருவி உள்ளிருக்கும் கிருமியைக் கொல்லும். அதற்கு உறையில் வழி வேண்டுவதில்லை. வளி முறையிலோ நிலை வேறு. எத்திலீன் ஆக்சைடு உறையின் ஊடே உட்புகுதல் வேண்டும். அது நஞ்சாதலின், தொழிலை முடித்தபின் எச்சமின்றி வெளியேறுதலும் வேண்டும். வளி வந்துபோக வழிவிட்டுக் கிருமிக்கு வழிவிடாத தாள் ஒன்று தேவைப்பட்டது.

அத்தாள் தற்செயலாகப் பிறந்தது. 1955-இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ஜிம் வைட் என்னும் ஆராய்ச்சியாளர், ஒரு குழாயினின்று வெண்பஞ்சு போன்ற பாலித்தீன் இழைகள் வெளிவருவதைக் கண்டார். கழிவென்று ஒதுக்காமல் அவற்றை ஆராய்ந்ததன் பயனாக, டைவெக் என்னும் தாள் உருவாகி 1967-இல் விற்பனைக்கு வந்தது. 1972 முதல் மருத்துவப் பொதிகளுக்குப் பயன்பட்டு வருகிறது. மயிரினும் நுண்ணிய பாலித்தீன் இழைகள் பலவாறு குறுக்கும் நெடுக்குமாய்ப் படிந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிணைந்ததே இத்தாள். அவ்விழைகளின் இடையே வழிகள் உண்டு. ஆனால், அவற்றுள் நேர்வழி இல்லை. வளியின் நுண்துகள் அவ்வளைவுகளைக் கடந்து செல்லும். தூசோடு வரும் கிருமி, ஏதேனும் ஓர் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். பாஸ்டரின் குடுவையில் ஒன்றாக இருந்த அன்னக் கழுத்து, இத்தாளில் எண்ணற்றவையாக அமைந்துள்ளது எனலாம். மேலும், இது எளிதிற் கிழிவதில்லை. உரிக்கும்பொழுது தூள் உதிர்வதும் மிகக் குறைவு.

காவலுக்கு உரிய தாள் கிடைத்தது. இனித் திறப்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனை அறிய, அறுவைக்கூடத்தின் நடைமுறையை நோக்குதல் வேண்டும். ஆங்குச் செவிலியர் இருதிறத்தார். ஒருவர் கைகளை நன்கு கழுவி, கிருமிநீக்கிய அங்கியும் கையுறையும் அணிந்து, மருத்துவரின் அருகில் நின்று கருவிகளை எடுத்தளிப்பவர். அவர் தூய பொருளையன்றி வேறொன்றையும் தீண்டலாகாது. மற்றொருவர் கூடத்தில் உலவி, வேண்டிய பொதிகளைக் கொணர்பவர். அவர் தூய பொருள் எதனையும் தீண்டலாகாது. உறையின் வெளிப்புறம் பல கைகளைக் கடந்து வந்தது. ஆதலின் அது தூயதன்று. உட்புறமோ தூயது. தீண்டக்கூடாத இருவர் ஒரு பொருளைக் கைமாற்றிக்கொள்ளும் வாயிலாக உறை அமைகிறது. வெளிச்செவிலி உறையின் இரு விளிம்புகளையும் பற்றி உரித்து விரித்துப் பிடிக்கிறார்; உட்செவிலி இடுக்கியாலோ கையுறை அணிந்த விரலாலோ உள்ளிருப்பதை நேரே எடுத்துக்கொள்கிறார். சில நொடிகளில் நிகழ்ந்து முடியும் இச்செயலில், உள்பொருள் உறையின் விளிம்பை ஒருமுறை தீண்டினும், தொழிற்சாலையிற் பெற்ற தூய்மை அவ்விடத்தே இழக்கப்படும்.

ஆதலின், உறையை அமைக்கும் அறிஞர் அச்சில நொடிகளை நுணுகி ஆராய்வர். ஒட்டிய பகுதிக்கு அப்பால், ஒட்டாத மடல்கள் இரண்டினைப் பெருவிரல் பற்றுமாறு விடுவர். கையுறை வழுக்கும் இயல்பினது. மடல் சிறிதாயின் விரல் தடுமாறும். உறையின் தலைப்பகுதியில் ஒட்டு, நேர்கோடாய் இராமல் கூரைமுகடு போல் அமையும். அம்முகட்டின் நுனியில் இழுப்பு முதலில் விழுவதால், திறப்பு எளிதில் தொடங்கிச் சீராகப் பரவும். ஒட்டின் வலிமையும் அளவறிந்து அமைதல் வேண்டும். அது மெலிந்தால் வழியிலேயே வாய் திறந்துவிடும்; மிகுந்தால், செவிலி வலிந்து இழுக்க, உறை திடுமெனக் கிழிந்து உள்பொருள் தரையில் வீழும். தாளும் பிளாஸ்டிக் ஏடும் பிரிந்தபின், ஒட்டியிருந்த இடத்தில் வெண்ணிறத் தடம் ஒன்று தொடர்ச்சியாகத் தோன்றுமாறு செய்வதும் உண்டு. தடத்தில் இடையறவு இருப்பின், அவ்விடத்தில் ஒட்டுச் சரியாகப் பற்றவில்லை என்று செவிலி கண்ட அளவில் உணர்ந்துகொள்வார்.

பொருளுக்கு ஏற்ப உறையும் வேறுபடும். இரத்தக் குழாயினுள் செலுத்தும் நீண்ட மெல்லிய கம்பியைச் சுருட்டி வைத்தால், திறந்தவுடன் அது பாம்பென நிமிர்ந்து எழுந்து தூய்மையற்ற இடத்தைத் தீண்டிவிடும். ஆகவே, அதனை வளையக் குழலுள் அடக்கி வைப்பர். கூரிய கருவியின் முனை உறையைத் துளைத்துவிடாதவாறு தனிக் காப்பு இடுவர். எடைமிகுந்த செயற்கை மூட்டினைப் பள்ளம் அமைந்த தட்டில் பொருத்தி, அதனருகே விரல் நுழைவதற்கு இடம் விடுவர். அவ்விடம் இல்லையேல், எடுப்பவர் தட்டைக் கவிழ்த்துத் தட்டவேண்டி நேரும். உடலில் நிலையாகத் தங்கவேண்டிய இத்தகைய பொருள்களுக்கு உறைக்குள் உறையாக இரண்டு வைப்பதும் உண்டு. வெளியுறையை வெளிச்செவிலி திறப்பார். உள்ளுறையை உட்செவிலியே எடுத்துத் திறப்பார். பொருளின் பெயர், அளவு, இடக்காலுக்கு உரியதா வலக்காலுக்கு உரியதா என்னும் குறிப்பு ஆகியவை உறையைத் திறப்பதற்கு முன்னரே தெளிவாகப் படிக்கத்தக்கவாறு இருத்தல் வேண்டும். தவறான பொதியைத் திறந்துவிட்டால், விலைமிக்க பொருள் வீணாவதோடு, மயக்கத்திற் கிடக்கும் நோயாளிக்கு அறுவை நேரமும் நீளும்.

திறக்கும் நொடியை மறந்து செய்த சிறு மாற்றமும் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1970-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களுக்கும் 1971-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களுக்கும் இடையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில், குருதியிற் கிருமி பரவும் கொடிய நோய் 150 பேருக்குக் கண்டது. உயிர்நீத்தோரும் உளர். பின்னர் மேலும் பல மருத்துவமனைகளில் இத்தீங்கு நிகழ்ந்தமை தெரியவந்தது. அந்நோயாளிகள், புட்டிகளில் அடைத்த நீர்மருந்தைக் குருதி நாளத்தின் வழியே ஏற்றப்பெற்றவர்கள். ஆராய்ந்தபொழுது, திறவாத புட்டியின் மருந்து தூய்மையாகவே இருந்தது. பின்னர்க் கிருமி எங்கிருந்து வந்தது? புட்டியின் திருகுமூடிக்குள் இடும் மெல்லிய உட்தகடு, அண்மையில் வேறொரு பொருளால் மாற்றப்பட்டிருந்தது. அத்தகட்டின் அடியில் கிருமிகள் தங்கியிருந்தன. மூடியைத் திருகித் திறந்து, மீண்டும் மூடும்பொழுது, அவை மருந்தில் வீழ்ந்தன. வைத்திருக்கும் காலமெல்லாம் காவலாக நின்ற மூடி, திறக்கும் நேரத்தில் பகையாயிற்று. நோய்த்தடுப்பு மையத்தார் காரணத்தைக் கண்டு, அவ்வகைப் புட்டிகளின் பயனை நிறுத்துமாறு செய்தனர், தீங்கும் ஓய்ந்தது. மருந்தைச் செய்தவர் பிழைசெய்திலர். மூடியின் உட்புறத்தைச் சிறிதென எண்ணியதே பிழையாயிற்று.

இத்தகைய அனுபவங்களினால் உறைகளை ஆராயும் முறைகள் கடுமையாயின. ஒட்டின் ஓரத்தில் நிறநீரை விட்டு, அது எங்கேனும் ஊடுருவிச் செல்கிறதா எனப் பார்ப்பர். உறையை நீரில் அமிழ்த்தி உள்ளே காற்றைச் செலுத்தி, குமிழி எழுகிறதா என நோக்குவர். ஒட்டைப் பிரிக்க வேண்டும் விசையைக் கருவியால் அளப்பர். பெட்டிகளைக் கீழே போட்டும் அதிரச் செய்தும், நெடும்பயணத்தில் நேரும் துன்பங்களை முன்கூட்டியே உண்டாக்கிக் காண்பர். சில ஆண்டுகள் கழித்தும் உறை உறுதியாக இருக்குமா என்பதனை விரைந்து அறிய, 55 பாகை போன்ற வெப்பத்திற் பல நாள் வைத்து ஆராய்வர். கிருமி நீக்கத்துக்கும் அளவு உண்டு. முறையாகக் கிருமி நீக்கிய பொருள்களுள், பத்து இலட்சத்தில் ஒன்றிலேனும் கிருமி எஞ்சியிருக்கும் வாய்ப்பு அதற்கு மேற்படலாகாது என்பது பெரிதும் கைக்கொள்ளப்படும் வரையறை ஆகும்.

இவ்வுறைகளுக்கு உரிய உலகப் பொது விதிகள் ஐ.எஸ்.ஓ. 11607 என்னும் எண்ணால் வழங்கும். 2006-இல் அவை இரு பகுதிகளாக வெளிவந்தன. முதற்பகுதி, உறைக்குரிய பொருளையும் அமைப்பையும் கூறும். இரண்டாம் பகுதி, உறையை உருவாக்கி ஒட்டும் செயல்முறையை உறுதிசெய்யும் நெறியைக் கூறும். 2019-இல் இவ்விதிகளைத் திருத்தியபொழுது, தூய்மை கெடாமல் உறையைத் திறந்து அளித்தல் இயல்கிறதா என்பதனை, அதனைக் கையாள்வோரைக் கொண்டே ஆராய்தல் வேண்டும் என்பதும் சேர்க்கப்பெற்றது. பொறியின் அளவு மட்டும் போதாது. அறுவையின் பரபரப்பில், வழுக்கும் கையுறையோடு நிற்கும் செவிலியின் கையும் சான்று கூறல் வேண்டும் என்பது இதன் கருத்து.

உறை எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும், அதனைக் கையாள்வோரின் மனச்சான்று துணைநில்லாதாயின் பயன் இல்லை. உறை நனைந்திருக்கிறதா, கசங்கிக் கிழிந்திருக்கிறதா, ஊசித்துளை உளதா, குறித்த நாள் கடந்துவிட்டதா என்பனவற்றைத் திறப்பதற்கு முன் செவிலி பார்த்தல் வேண்டும். உறையின்மீது உள்ள மணற்கடிகைக் குறி பயன்படுத்தும் இறுதி நாளைக் காட்டும். வட்டத்துள் கோடிட்ட இரண்டு என்னும் எண், அப்பொருளை மறுமுறை பயன்படுத்தலாகாது என்பதனைக் காட்டும். பொதியின் தூய்மையில் ஐயம் எழுமாயின், அதனைத் தூய்மை கெட்டதாகவே கொண்டு விலக்குதல் அறுவைக்கூடத்தின் நெறி. ‘ஒருகால் நன்றாகவும் இருக்கலாமே’ என்னும் எண்ணத்துக்கு ஆங்கு இடம் இல்லை. ஒருவரும் காணாத பொழுது, தம் கை விளிம்பைத் தீண்டியதை உணர்ந்த செவிலி, தாமே அதனை எடுத்துரைத்து வேறொரு பொதியை வேண்டுவாராயின், அவர் செயல் மருத்துவரின் கைத்திறத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று.

இம்முறையால் ஒரு குறையும் விளைந்துள்ளது. அறுவை ஒன்று முடிந்த அளவில், உரித்தெறிந்த தாளும் பிளாஸ்டிக்கும் குவியலாய்க் கிடக்கின்றன. ஆதலின், மருத்துவமனையிலேயே நீராவியால் தூய்மை செய்யும் கருவிகளை, வடிதாள் பொருத்திய உலோகப் பெட்டிகளில் வைத்துப் பலமுறை பயன்படுத்தும் வழக்கமும் உள்ளது. பழைய உருளைப் பேழையின் குற்றங்களை நீக்கி அமைத்த வடிவமாக அதனைக் கருதலாம். தூய்மைக்கு ஊறு நேராமல் கழிவையும் குறைக்கும் உறைகளை ஆக்குதல், வருங்கால அறிஞர்க்கு எஞ்சி நிற்கும் பணி.

நோயாளி மயக்கம் தெளிந்து கண்விழிக்கும்பொழுது, தம்மைக் காத்த மருத்துவரைக் கைகூப்பி வணங்குகிறார். அன்புடன் பேணிய செவிலியையும் அவர் அறிவார். ஒட்டு எத்துணை அகலம் இருத்தல் வேண்டும், மடல் எத்துணை நீளம் இருத்தல் வேண்டும் என்று பல நாள் எண்ணி எண்ணி அமைத்தவரை அவர் அறியமாட்டார். அவ்வுறையும், தன் கடமை முடிந்த அளவில் இரண்டாக உரிக்கப்பெற்றுக் கூடையில் வீழ்ந்துவிட்டது. ஆயினும், தொழிற்சாலையினின்று புறப்பட்ட நாள்முதல் நெடுந்தொலைவு கடந்து, பல கைகள் மாறி, இறுதியாக ஒரு செவிலியின் விரல்களில் விரிந்த அந்நொடி வரையில், அது தன்னுள் வைத்த தூய்மையைச் சிறிதும் சிந்தாமல் கொணர்ந்து சேர்த்தது. காக்கவேண்டிய காலமெல்லாம் காத்து, கொடுக்கவேண்டிய நேரத்தில் தடையின்றிக் கொடுத்து, பின்னர்த் தன்னை மறைத்துக்கொள்ளும் பணியே அதன் பணி. அத்தகைய பணியைச் செய்வோர், பெயர் அறியப்படாதவராயினும், உயிர் காக்கும் தொண்டில் பங்குடையோரே ஆவர்.